படிக்காத கடிதங்களில் முதலாவது

ஒட்டன்சத்திரத்துக் காய்கறி லாரி மேடேறும் சத்தம் எனக்கு இன்றைக்கும் தனியாகக் கேட்கும். மற்ற வண்டிகள் எல்லாம் வெறும் இரைச்சல். அந்த லாரி மட்டும் வயிற்றுக்குள் ஏறும். இருபது வருஷத்துக்கு முன்னால் அட்டுவம்பட்டியில் நாங்கள் குடியிருந்த வீட்டைத் தாண்டித்தான் அவை வில்பட்டிப் பக்கம் போய் காரட்டும் பூண்டும் ஏற்றிக்கொண்டு திரும்பும். என் அப்பாவுக்கு ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் கமிஷன் மண்டி. லாரியின் நெற்றியில் எழுதியிருக்கும் பெயரைப் படிக்கும்வரை நான் ஜன்னல் திரைக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். எங்கள் மண்டி லாரி இல்லை என்று தெரிந்த பிறகுதான் அடுப்பில் இருந்தது தீய்ந்துபோன வாசனை மூக்கில் ஏறும்.

வீட்டுக்குத் தெரியாமல் செய்துகொண்ட கல்யாணம். சாதி வேறு. எங்கள் பக்கத்தில் இதற்குமேல் விளக்கம் யாரும் கேட்க மாட்டார்கள். எங்கள் தெருவில் ஒரு பெண் ஓடிப்போன சமயம், பெரியண்ணன் சாப்பிட்டுக்கொண்டே ஒரு வார்த்தை சொன்னான். “நம்ம வீட்டுல நடந்துச்சுன்னா ரெண்டு பேரையும் முடிச்சுட்டுத்தான் அடுத்த வாய்ச் சோறு.” அதைச் சொல்லிவிட்டு ரசம் கேட்டான். ரசத்தை ஊற்றியது நான்தான். அப்போதே என் கைப்பையில் இவருடைய போட்டோ இருந்தது.

ஓடிப்போகிறவர்கள் சென்னைக்கோ திருப்பூருக்கோ போவார்கள், தேடுகிறவர்களும் அங்கேதான் போவார்கள், விளக்கின் அடியில் யாரும் குனிந்து பார்ப்பதில்லை என்று இவர் சொன்னார். இவர் என்றால் என் கணவர். கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்வார். கொடைக்கானலில் ஒரு விருந்தினர் விடுதியைப் பார்த்துக்கொள்ள ஒரு தம்பதி வேண்டும் என்று மதுரையில் இருந்த முதலாளியம்மா தேடிக்கொண்டிருந்தார். வேறு பெயர்களைச் சொல்லிக்கொண்டு நாங்கள் போய்ச் சேர்ந்தோம். விடுதிக்குப் பின்னால் இரண்டு அறை வீடு, ஒரு தொலைபேசி, ஒரு கம்ப்யூட்டர். அறை கேட்டு வரும் மெயில்களுக்குப் பதில் போடுவது என் வேலை. நகரத்து ஓட்டல்களுக்கும் எஸ்டேட் வீடுகளுக்கும் போய்க் கம்ப்யூட்டர் பார்ப்பது இவர் வேலை. செல்போன் வாங்கவில்லை. வாங்கினால் அந்த நம்பர் எந்த வழியிலாவது கீழே இறங்கிப் போய்விடும் என்று எனக்குப் பயம். மகள் அங்கேதான் பிறந்தாள். அவள் தவழ ஆரம்பித்திருந்தபோது நடந்தது இது.

இவருக்கு ஒரு பித்து இருந்தது. நியூஸ்குரூப். இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் வாட்ஸ்அப் குழுவின் கொள்ளுத்தாத்தா என்று வைத்துக்கொள்ளலாம். உலகத்தில் யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் படிக்கலாம். ஊர்ச் சாவடியில் உட்கார்ந்து பேசும் வம்பை ஆளுக்கொரு தேசத்தில் உட்கார்ந்து பேசுவார்கள். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுவார்கள். அதைப் படிக்கும்போது வாயில் உமி விழுந்த மாதிரி இருக்கும். அதில் சினிமாப் பாட்டுக்கென்றே ஒரு குழு. பழைய பாட்டு ஒன்றுக்கு வயலின் வாசித்தது யார் என்று ஒருவர் கேட்பார். பதில் வருவதற்குள் நாலு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். இவர் அதில் ஒரு வரிகூட எழுதியதில்லை. படிப்பதோடு சரி. ஒளிந்து வாழ்கிறவனுக்கு அதுதான் மரியாதை என்பார்.

எங்களிடம் இருந்த மெயில் மென்பொருளில் நியூஸ்குரூப் படிக்க முடியாது. அதற்குத் தனியாக ஒன்று திறக்க வேண்டும். போன் லைனில்தான் இன்டர்நெட். இணைத்திருக்கும் ஒவ்வொரு நிமிஷமும் முதலாளியம்மாவின் பில்லில் ஏறும். அதனால் மெயிலையும் நியூஸையும் ஒரே மூச்சில் இறக்கிவிட்டு லைனைத் துண்டிக்க இவர் ஒரு வழி தேடினார். மெயில் மென்பொருளுக்குள்ளேயே குழுக்களைக் கொண்டுவந்து காட்டும் ஆட்-இன் என்ற ஒட்டு மென்பொருள் ஒன்று கிடைத்தது. சும்மா கிடைப்பதில்லை, விலைக்கு வாங்க வேண்டும். கொஞ்ச நாள் இலவசமாக ஓட்டிப் பார்த்துக்கொள்ளலாம். அந்த இலவசக் காலத்தில் அது குழுக்களைத் தனிப் பெட்டியில்தான் வைத்திருந்தது. திறக்கும்போதெல்லாம் ‘வாங்குகிறாயா, வாங்குகிறாயா’ என்று ஒரு சின்ன ஜன்னல் வந்து நச்சரிக்கும். வாங்குவதற்கு கிரெடிட் கார்டு வேண்டும். எங்களுக்கு ரேஷன் கார்டே கிடையாது.

விடுதியில் நெடுநாள் தங்கியிருந்த வெள்ளைக்காரப் பெரியவர் ஒருவருடைய லேப்டாப்பில் காப்பி கொட்டிவிட்டது. இவர் அதை உயிர்ப்பித்துக் கொடுத்தார். கூலி வேண்டாம், இந்த ஆட்-இன்னை உங்கள் கார்டில் வாங்கிக் கொடுங்கள் போதும் என்று கேட்டார். அவரும் சிரித்துக்கொண்டே வாங்கிக் கொடுத்தார். அன்று சாயங்காலம், வாங்கியதும் வந்த சாவி எண்ணைப் போட்டுத் திறந்தபோது இவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை எங்கள் மகள் பிறந்த அன்றும் நான் பார்க்கவில்லை. சொன்னால் சண்டைக்கு வருவார்.

காசு கொடுத்து வாங்கியதற்கு ஒரு கூடுதல் வசதி உண்டு. மெயிலானாலும் குழுவில் வந்ததானாலும், படிக்காதவை எல்லாம் ஒரே பெட்டியில் வந்து வரிசையாக நிற்கும். புதியது மேலே. இவர் அப்படி வைத்துவிட்டு, மறுநாள் விடிந்ததும் தாண்டிக்குடி எஸ்டேட் ஒன்றில் வேலை என்று கிளம்பிப் போய்விட்டார். வைத்ததை என்னிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லையாம்.

ஐப்பசி மாதம். மத்தியானத்திலேயே மேகம் இறங்கி வாசல் கேட் தெரியாமல் போயிருந்தது. குழந்தை தொட்டிலில் தூங்கினாள். அறை கேட்டு யாராவது எழுதியிருப்பார்களா என்று பார்க்க லைனைப் போட்டேன். வழக்கத்தைவிட வெகுநேரம் இறங்கிக்கொண்டே இருந்தது. தொடர்ந்து விடுமுறை வருகிறது போல, கூட்டம் அள்ளப் போகிறது என்று நினைத்துக்கொண்டேன். வரிசையில் முதலாவதாக நின்ற கடிதத்தை அனுப்பியவர் பெயரைப் பார்த்தேன்.

என் பெரியண்ணன் பெயர்.

கை தானாகத் திறந்துவிட்டது. ஆங்கில எழுத்தில் தமிழ். “எங்கே போய் ஒளிஞ்சாலும் உன்னை எனக்குத் தெரியும். பேரை மாத்திக்கிட்டா ஆள் மாறிடுமா? இத்தனை நாள் தேடினது வீண் போகலை. மரியாதையா நீயே வெளியே வா. இல்லைன்னா நானே வந்து எல்லார் முன்னாடியும் இழுத்து நிறுத்துவேன். உன்கூட ஒருத்தன் நிக்கிறானே, அவனுக்கும் இருக்கு.”

பயத்தில் உடம்பு நடுங்கும் என்பார்கள். எனக்கு நடுங்கவில்லை. முதலில் செய்த காரியம், எழுந்து போய்க் கதவைத் தாழிட்டேன். தாழிட்ட பிறகு, உள்ளே மாட்டிக்கொண்டோமே என்று திறந்தேன். மறுபடி தாழிட்டேன். மண்டியில் கம்ப்யூட்டர் வாங்கப் போவதாக நான் அந்த வீட்டில் இருந்தபோதே பேச்சு உண்டு. விடுதியின் மெயில் முகவரி, கடைத்தெருவில் இருக்கும் விளம்பரப் பலகையில்கூட இருக்கிறது. பேரை மாற்றியதுகூடத் தெரிந்திருக்கிறது. இனி என்ன பாக்கி?

அந்த நேரம் பார்த்து வெளியே ஒரு லாரி மேடேறியது. பனியில் பெயர் தெரியவில்லை. முக்கில் இருந்த டீக்கடைப் பக்கம் போய் நின்றது மட்டும் கேட்டது.

இவருக்குச் சொல்ல வழியில்லை. எந்த எஸ்டேட் என்று தெரியாது. ஒரு சீட்டு எழுதி வைக்கலாம் என்றால் அதை முதலில் படிக்கப் போவது யார்? கடைசியில் கடிதத்தைத் திறந்தபடியே திரையில் விட்டுவைத்தேன். இவர் வந்து பார்த்தால் போதும், எல்லாம் விளங்கிவிடும் என்று நினைத்தேன். குழந்தையைத் தூக்கிச் சால்வையில் சுற்றினேன். பால் புட்டி கை தவறித் தரையில் கொட்டியது. துடைக்கவில்லை. பின்வாசல் வழியாக வெளியே வந்தேன்.

விடுதித் துணிகளை வெளுக்க வரும் அக்கா ஒருத்தி பின்னால் ஓடைக்கல்லில் போர்வை அலசிக்கொண்டிருந்தாள். சரிவில் காட்டுக்குள் இருக்கும் மலைச்சனங்கள் குடியிருப்பில் அவளுக்கு வீடு. என் முகத்தைப் பார்த்ததும் போர்வையைப் போட்டுவிட்டு எழுந்தாள். எங்கள் கதை அவளுக்கு அரைகுறையாகத் தெரியும். அண்ணன் கண்டுபிடித்துவிட்டான், எங்கேயாவது கூட்டிக்கொண்டு போ என்றேன். ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. முன்னால் நடந்தாள்.

ஒற்றையடிப் பாதை. ஈரச் சருகு. பாதி வழியில் அக்கா சட்டென்று கையை நீட்டி என்னை நிறுத்தினாள். பனிக்குள் ஒரு பாறை மூச்சு விட்டது. காட்டெருமை. கொடைக்கானலில் அதைப் பார்க்காதவர்கள் கிடையாது, பஸ் ஸ்டாண்டுக்கே வரும். ஆனால் கைக்கெட்டும் தூரத்தில், குழந்தையோடு, ஓடை ஒரு பக்கம் சரிவு ஒரு பக்கமாக நான் பார்த்ததில்லை. எனக்குத் திரும்பி ஓட வேண்டும். திரும்பினால் அண்ணன். அக்கா என் மணிக்கட்டை விடாமல் பிடித்துக்கொண்டு காதோரம் சொன்னாள்.

“அசையாத. ஒங்கண்ணனுக்குப் பயந்துக்கிட்டு இதுகிட்டச் சாகாத.”

அது எங்களை ரொம்ப நேரம் பார்த்தது. என்னவோ யோசித்து, சலித்துப்போன மாதிரி சரிவில் இறங்கிப் போனது. குழந்தை மட்டும் அந்தப் பக்கம் கையை நீட்டி அழுதாள், விளையாட்டுச் சாமானைப் பிடுங்கிக்கொண்ட மாதிரி.

இவர் ராத்திரிக்குள் வந்துவிடுவார் என்று அக்கா வீட்டில் காத்திருந்தேன். வரவில்லை. எப்படி வருவார்? நான் அங்கே இருப்பதைத் திரை சொல்லாது என்பது எனக்கு அப்போது உறைக்கவே இல்லை. புத்தி அந்த நேரத்தில் அவ்வளவுதான் வேலை செய்தது. இவர் வீட்டுக்கு வந்திருப்பார், அவர்கள் உள்ளே காத்திருந்திருப்பார்கள் என்று நினைத்து நினைத்து விடிந்தது. குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, கடவுளே, நான் போனாலும் போகிறேன், அவரை விட்டுவிடு என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். பழனி மலை இருக்கும் திசை எது என்று அந்தக் காட்டுக்குள் தெரியவில்லை. எல்லாத் திசைக்கும் கும்பிட்டேன்.

வெள்ளனே அக்கா மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். வீடு பூட்டிக் கிடக்கிறது என்றாள். அப்புறம் சேலை முந்தியைத் திருகிக்கொண்டு நின்றாள். கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது.

“டீக்கடைக்காரரு சொன்னாரு. ஒங்க வீட்டுக்காரரு நேத்து பொழுதடைய வந்து, ஒட்டஞ்சத்திரம் வண்டி ஏதும் வந்துச்சான்னு கேட்டாராம். ஆமா, மத்தியானம் ஒண்ணு நின்னுட்டுப் போச்சுன்னு கடைக்காரரு சொல்லியிருக்காரு. வந்த பூண்டு லாரிய மறிச்சு ஏறிக் கீழ போயிட்டாராம்.”

எனக்கு விளங்கிவிட்டது. முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து மேலே கரண்ட் இல்லை என்றும் அவள் சொன்னாள். ஐப்பசியில் அது புதிதல்ல. இவர் வந்தபோது திரை கருப்பாக இருந்திருக்கும். பின்கதவு திறந்து கிடக்கிறது, தொட்டில் காலி, தரையில் பால். டீக்கடைக்காரர் லாரி வந்தது என்கிறார். இதற்குமேல் ஒரு மனுஷனுக்கு என்ன வேண்டும்? பெண்டாட்டியையும் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்று நினைத்து நேரே அவர்களிடமே போயிருக்கிறார். இரண்டு வருஷம் யார் கையில் சிக்கக்கூடாது என்று ஒளிந்தோமோ, அவர்கள் கையில் தானாகப் போய் நின்றிருக்கிறார்.

அதுவரை நான் பட்டது பயமே இல்லை. அது ஒத்திகை.

கடைமுக்கில் எஸ்டிடி பூத் இருந்தது. மண்டி நம்பர் மறக்கக்கூடிய நம்பரா? சின்ன வயதிலிருந்து பேச்சோடு பேச்சாகக் கற்றுக்கொண்டது. முதல் தடவை விரல் தப்பான எண்ணில் விழுந்தது. வைத்துவிட்டு மறுபடி அடித்தேன். மணி அடித்தது. எடுத்தவுடன் பின்னணியில் ஏலக்குரல் கேட்டது. கத்தரிக்காய் போய்க்கொண்டிருந்தது.

“ஆரு?” என்றார் அப்பா.

‘அப்பா’ என்றேன். இவர் அங்கே வந்தாரா என்று கேட்டேன்.

“இங்கதான் ஒக்காந்திருக்கான். நீ எங்க இருக்க?”

அவரிடம் போனைக் கொடுங்கள் என்றேன்.

“இப்ப அவனால பேச முடியாது. நீ எங்க இருக்கன்னு சொல்லு.”

பேச முடியாது என்றால் என்ன? அந்த ஒரு வார்த்தையை அப்பா எந்தக் குரலில் சொன்னார் என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியும். எந்தக் குரலிலும் சொல்லவில்லை. கிலோ என்ன விலை என்று சொல்லும் குரல். பூத்துக் கண்ணாடிக்கு வெளியே அக்கா குழந்தையை வைத்துக்கொண்டு நின்றாள். இடத்தைச் சொன்னால் நாங்கள் மூன்று பேரும் அவர்கள் கையில். சொல்லாவிட்டால் இவர் மட்டும். நானும் குழந்தையும் அப்படியே பஸ் ஏறி எங்கேயாவது போய்விடலாம். அந்த யோசனை வந்தது, வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஏலக்குரல் கத்தரிக்காயை முடித்து வெண்டைக்காய்க்கு வந்தது.

அட்டுவம்பட்டி என்று சொன்னேன். விடுதியின் பெயரையும் சொன்னேன். ‘அவரை ஒண்ணும் செஞ்சிராதீங்கப்பா’ என்று சொல்லும்போது லைன் அறுந்துவிட்டது. அவர் வைத்தாரா, தானாகப் போனதா என்று தெரியவில்லை.

அப்புறம் காத்திருந்தோம். வீட்டுச் சாவி இவரிடம். நானும் அக்காவும் வாசற்படியில் உட்கார்ந்திருந்தோம். நீ போய்விடு, உனக்கு எதற்கு வம்பு என்று அவளிடம் சொன்னேன். நனைத்த போர்வை கிடக்கு, அதை அலசாமல் எங்கே போவது என்றாள். ஆனால் அலசப் போகவில்லை, பக்கத்திலேயே இருந்தாள். குழந்தை படியிலிருந்து இறங்குவதும் நான் தூக்கி ஏற்றுவதுமாக நேரம் போனது. ஒவ்வொரு லாரிக்கும் எழுந்து நின்றேன். இனி ஜன்னல் திரைக்கும் வேலையில்லை.

கடைசியில் வந்தது. நெற்றியில் எங்கள் மண்டியின் பெயர். முதல் முறையாக அந்தப் பெயரை வெட்டவெளியில் நின்று முழுசாகப் படித்தேன். முன்பக்கம் டிரைவர், நடுவில் இவர், ஓரத்தில் அப்பா. எத்தனை பேர் பின்னால் இருக்கிறார்கள் என்று பார்த்தேன். காலி டிரேக்கள்தான் இருந்தன. அண்ணன் இல்லை.

இவர் இறங்கியதும் முகத்தைப் பார்த்தேன். ஒரு கன்னம் உப்பிக் கண்வரை ஏறியிருந்தது. உதடு பிளந்து ரத்தம் காய்ந்திருந்தது. சட்டையில் பாக்கெட் இல்லை, பிய்ந்த நூல் மட்டும் தொங்கியது. மண்டி வாசலில் நின்று ‘என் பொண்டாட்டி எங்கே’ என்று கேட்டிருக்கிறார். பெரியண்ணன் பாய்ந்திருக்கிறான். அப்பா எழுந்து வந்து நடுவில் நின்று, ‘மொதல்ல புள்ள எங்கன்னு தெரியட்டும்’ என்றாராம். இவ்வளவும் இவர் பிறகு எழுதிக் காட்டித்தான் எனக்குத் தெரிந்தது. தாடையை அசைக்க முடியவில்லை. ‘பேச முடியாது’ என்று அப்பா சொன்னது அதைத்தான்.

என்னையும் குழந்தையையும் பார்த்ததும் இவர் அந்தப் படியிலேயே உட்கார்ந்து அழுதார். நான் அவர் தலையைப் பிடித்துக்கொண்டேன். அப்பா கேட்டுக்குப் பக்கத்தில் நின்று மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அழுகை ஓய்ந்த பிறகு, அண்ணன் பெயரில் வந்த கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். “அந்தக் கடுதாசிய எடு” என்றார் அப்பா.

கரண்ட் வந்திருந்தது. பெட்டியைத் திறந்து, படிக்காத கடிதங்களில் முதலாவதாக நின்றது என்று நான் சொன்னதை இவர் தேடி எடுத்தார். கண்ணைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். அப்படியே நின்றுவிட்டார். பிறகு சிரிக்கப் பார்த்து, உதடு வலித்து, வாயைப் பொத்திக்கொண்டார். விரலால் ஓரத்தைத் தொட்டுக் காட்டினார். மெயில் என்றால் ஓரத்தில் ஒரு உறை படம் இருக்கும். இதில் குண்டூசி குத்திய சின்னச் சீட்டுப் படம். குழுவில் வந்தது. கீழே அதே தலைப்பில் ஒன்றன்பின் ஒன்றாக வால் நீண்டது.

இரண்டு இசையமைப்பாளர்களில் எவர் பெரியவர் என்று சண்டை. தோற்றுப்போன ஒருவன் குழுவைவிட்டு ஓடி, வேறு பெயரில் திரும்பி வந்து, பழைய கட்சியையே பேசியிருக்கிறான். எழுத்து நடையை வைத்து இன்னொருவன் கண்டுபிடித்துவிட்டான். அந்தக் கண்டுபிடித்தவன்தான் என் அண்ணன் பெயர்க்காரன். எங்கேயோ ஐஸ் கொட்டும் தேசத்தில் இருக்கிறான். பழனியைச் சுற்றி எந்த வீட்டுக்குப் போனாலும் ஒருவருக்காவது அந்த மலைமேல் இருப்பவரின் பெயர் இருக்கும் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். அண்ணனோடு பள்ளிக்கூடத்தில் படித்ததிலேயே நாலு பேர். ஆனால் எனக்கு உலகத்திலேயே அந்தப் பெயரில் ஒருவன்தான் இருந்தான்.

இவர் ஒரு தாளில் எழுதி எழுதிக் காட்ட, நான் அப்பாவுக்குச் சொன்னேன். அப்பா கவனமாகக் கேட்டார்.

“அப்ப இது ஒனக்கு எழுதுனது இல்ல.”

இல்லை, எல்லாரும் படிக்க எழுதியது என்றேன்.

“எல்லாரும் படிக்கன்னா வெளிய ஒட்டவேண்டியதுதான? வீட்டுப் பெட்டிக்குள்ள எதுக்கு வருது?”

காசு கொடுத்து வாங்கிய வசதி என்று எப்படிச் சொல்வது?

கேட்டிருக்க வேண்டாம். ஆனால் பயம் இறங்கியதும் வாய் அவிழ்ந்துகொண்டது. கொஞ்சம் உரிமையாகக்கூட இருந்தது என் குரல். அண்ணன் எங்களை எங்கெங்கேயெல்லாம் தேடிச்சுப்பா, சென்னைக்குப் போச்சா, திருப்பூருக்கா என்று கேட்டேன். அப்பா தோள்துண்டை எடுத்து இரண்டு கையையும் துடைத்தார்.

“ஒருத்தரும் தேடல. நீ போன மறுநாளே எல்லாரும் தலமுழுகியாச்சு. செத்த புள்ளய எங்க போயித் தேடுறது?”

சொல்லிவிட்டு வெளியே போனார். டிரைவரிடம் ஏதோ சொல்ல, அவன் ஒரு கட்டு முருங்கைக்காயை இறக்கிப் படியில் வைத்தான். குழந்தை அதைப் பிடித்து இழுத்தாள். அப்பா அவளைக் குனிந்து பார்த்தார். தூக்கவில்லை. பல்லு வந்திருச்சா என்று பொதுவாகக் கேட்டார். கீழே இரண்டு வந்திருக்கிறது என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு வண்டியில் ஏறினார். ஏலம் நடக்கிற நேரத்தில் என் அப்பா மண்டியைவிட்டு வெளியே வந்து நான் பார்த்ததே கிடையாது. என் அம்மா கண்மூடிய அன்றுகூட மதியத்துக்கு மேல்தான் வந்தார். அதைப் பிடித்துக்கொண்டு சில நாள் என்னையே தேற்றிப் பார்த்தேன். அவர் மறுபடி வரவில்லை. லாரிகள் வந்துகொண்டுதான் இருந்தன, நிற்காமல்.

பயம் போய்விட்டது. நிம்மதியாகத் தூங்கலாம். ஆனால் அது போன இடத்தில் வந்து உட்கார்ந்தது அதைவிட மோசம். இரண்டு வருஷமாக ஒவ்வொரு லாரிச் சத்தத்துக்கும் நான் நடுங்கியபோது, அங்கே ஒருவன் என்னை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு ஊர் ஊராக அலைகிறான் என்றுதான் நினைத்திருந்தேன். கொல்வதற்காகவாவது. அவர்களோ எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, மறுநாள் காலை ஏலத்துக்குப் போயிருக்கிறார்கள்.

உதடு ஆறியதும் இவர் அந்த ஆட்-இன்னை எடுத்துவிடுகிறேன் என்றார். வேண்டாம், இருக்கட்டும் என்றேன். பதில் போடவேண்டிய மெயில்களை முடித்துவிட்டு நானே அந்தக் குழுவைத் திறந்து படிக்க ஆரம்பித்தேன். பாட்டைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அந்தப் பெயர்க்காரன் எழுதுவதை மட்டும் படிப்பேன். கண்டுபிடிக்கப்பட்டவன் மறுபடி ஓடிவிட்டான். இவன் விடவில்லை. புதிதாக யார் வந்து எழுதினாலும் நடையை மோந்து பார்த்து ‘நீ அவன்தானே’ என்று கேட்பான். மற்றவர்கள் திட்டினார்கள், கிண்டல் செய்தார்கள், பிறகு சலித்துப்போய்க் குழுவைவிட்டே போனார்கள். அடுத்த ஐப்பசியிலும் அவன் ஆளில்லாத அந்தக் குழுவில், எங்கே ஒளிஞ்சிருக்கே, வெளியே வா என்று எழுதிக்கொண்டிருந்தான். எங்கேயோ ஒளிந்திருந்த அந்த முகம் தெரியாதவன்மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது.